ஒழுங்காக இறங்கிய கோடு

புதிதாகக் கவுன்சிலர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நான்கு பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், வேலை பயத்தோட வர்றவங்களுக்கு முன்னேற்றக் குறிப்பு எப்டி எழுதறது? நல்ல மாதிரி ஒண்ணு இருந்தா காட்டுங்களேன்." நான் காபி போட எழுந்து போனேன். திரும்பி வந்து வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசி உங்களை அனுப்பிவிட்டேன்.

நல்ல மாதிரி என்று ஊரே சொன்ன ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. பெயர் எழுதாத வரைபடத் தாள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுத்துக் காட்ட அன்றைக்குக் கை வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உங்களுக்குச் சொல்லலாமா என்று சம்பந்தப்பட்டவளிடமே கேட்டுக்கொண்டேன். "பேர மட்டும் மாத்திடுங்க அக்கா, மத்ததெல்லாம் சொல்லுங்க" என்றாள்.

நான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் டைப் அடிக்கச் சேர்ந்தேன். உள்ளே போக வரிசையில் காத்திருப்பவர்கள் என் மேசைக்கு எதிரில்தான் உட்காருவார்கள். டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய் "தலவலிங்க" என்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அஞ்சல் வழிப் படிப்பு, சான்றிதழ் எல்லாம் பிறகு வந்தவை.

அந்த நாளிலிருந்தே ஒரு பழக்கம். ஜனங்கள் பேசுகிற பேச்சில் எனக்குக் கொள்ளை ஆசை. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். ஒரு வாத்தியார் சொன்னார்: "பள்ளிக்கூட கேட்டப் பாத்ததும் என் செருப்பு கனக்குது மேடம்." ஒரு லாரி டிரைவர் சொன்னார்: "தூக்கம் வருது, நாந்தான் கதவத் தொறக்கல." இப்படி எதையாவது கேட்டால் அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நோட்டில் எழுதி, ரொம்பப் பிடித்ததற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். அலுவலகக் கோப்பில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. கோப்பு வேறு, நோட்டு வேறு என்று வைத்திருந்தேன். இதை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மனநல ஆலோசனை மையம் ஒன்றில் கவுன்சிலராகி, வாரத்தில் மூன்று நாள் விழுப்புரம், வெள்ளியும் சனியும் திண்டிவனம் என்று நான் ஓடிக்கொண்டிருந்த சமயம். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களை விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து ஒரு சனிக்கிழமை வந்தவள்தான், ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம்.

முப்பது வயது. மயிலத்தைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். இவள் பத்தொன்பது வயதில் கம்பெனியில் நூல் வெட்டச் சேர்ந்து, மிஷினுக்கு வந்து, நாற்பது பெண்கள் இருக்கும் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். "எங்க தெருவுல கழுத்துல அட்டை மாட்டிக்கினு போற பொம்பள நான் ஒருத்திதான் அக்கா" என்று சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

பயம் என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு லைனின் முனையிலும் ஒரு வெள்ளைப் பலகை. மணிக்கு ஒரு முறை பெல் அடிக்கும். பேனாவோடு மேனேஜர் வந்து, அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜோடி முடிந்தது என்று கேட்டுப் பலகையில் எழுதுவார். குறைந்திருந்தால் நாற்பது பேர் முன்னால் பேச்சு. பெல் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே இவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை சில்லிடுகிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது. இரண்டு முறை லைனை விட்டு ஓடி பஸ் ஷெட் பின்னால் நின்றிருக்கிறாள். கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி நல்ல மனிதர்தான். பெல் நேரத்தில் துணைக்கு ஒரு பெண்ணை லைனில் நிறுத்திவிட்டு, இவளை எங்களிடம் அனுப்பினார். வாரம் ஒரு முறை பேச்சு, மாதம் ஒரு பக்கம் அறிக்கை. அந்த அறிக்கை அவருக்குப் போக வேண்டும்.

நான் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னேன்: "பத்துன்னா பயம் தாங்க முடியல. ஒண்ணுன்னா பயமே இல்ல. இந்த வாரம் எத்தனம்மா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். "ஒம்போது போட்டுக்குங்க அக்கா" என்றாள். நான் போட்டுக்கொண்டேன்.

மூச்சுப் பயிற்சி அது இது என்று நாங்கள் செய்ததெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே வரும். விட்டுவிடுகிறேன். இரண்டாவது வாரம் அவள் கிளம்பும்போது, வெயிலாக இருக்கிறதே என்று ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினேன்.

"வேணாங்க்கா. தண்ணி பழக்கமே வுட்டுப்போச்சி. கம்பெனிக்கு எடுத்துக்கினு போற பாட்டிலு, காலைல ரொப்பினாப்புலயே சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுது" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் போனதும் பச்சை நோட்டில் அதை அப்படியே எழுதி, நட்சத்திரம் போட்டேன்.

வாரங்கள் ஓடின. ஒன்பது, எட்டு, ஏழு. நான்காவது வாரம் மறுபடி ஏழு. அதற்கும் கோப்பில் காரணம் எழுதினேன்: 'மாமியாருக்குக் காய்ச்சல், குடும்பச் சுமையால் சிறு தேக்கம்.' அப்புறம் ஆறு, ஐந்து, நான்கு, எட்டாவது வாரம் மூன்று. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மாடிப்படி மாதிரி இறங்கியது. விழுப்புரம் அலுவலகத்தில் மாதக் கூட்டத்தில் அதைக் காட்டினேன். எங்கள் பொறுப்பாளர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதான் மாதிரி. எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க" என்றார். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரை நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

அந்த வாரமே ஹெச்.ஆர். அதிகாரி கேட்டபடி ஒரு கடிதம் கொடுத்தேன். 'பயம் பெருமளவு நீங்கிவிட்டது. இவர் முழுத் தகுதியுடன் பணியைத் தொடரலாம். தனி உதவி தேவையில்லை.' கீழே என் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. மறுவாரமே துணைக்கு நின்ற பெண்ணை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டெல்லாவின் லைனுக்கு மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கையும் உயர்த்திவிட்டார்கள். தேறிவிட்டாள் என்று நான்தானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, பெண்களுக்கு மன அழுத்தம் பற்றிப் பேச வேண்டும் என்று கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். கேன்டீனில் அரை மணி நேரம் பேசினேன், நன்றாகவே கைதட்டினார்கள். பேசி முடித்ததும், ஸ்டெல்லாவின் லைனைப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன். என் வெற்றியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான், வேறென்ன.

அவள் லைனின் அந்த முனையில் நின்றுகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இந்த முனையில், பலகைக்குப் பக்கத்தில், தோல் ஓரம் மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். பூங்கொடி என்று பெயர், கண்டாச்சிபுரத்துப் பக்கம். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை பார்க்கிற ரகம்.

"நீங்கதான் ஸ்டெல்லா அக்காவோட சனிக்கெழம அக்காவா?"

"ஆமாம்மா."

"சனிக்கெழம ஆனா பவுடர் அடிச்சிக்கினு ஜல்தியா கெளம்பிடுவாங்க. இன்னாடா இது, கல்யாணம் ஆனவங்க யாரப் பாக்க இப்டி ஓடறாங்கன்னு நாங்க பேசிக்கினு இருந்தோம். பாத்தா நீங்க."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தேன். அன்றைய கணக்கு. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு, மறுபடி ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, அறுபது.

"எப்டிம்மா இவ்ளோ ஒழுங்கா ஏறுது?" என்று கேட்டேன். நிஜமாகவே மெச்சித்தான் கேட்டேன்.

பூங்கொடி சுற்றிலும் பார்த்துவிட்டு, காலால் மேசைக்கு அடியில் ஒரு துணியை லேசாக விலக்கினாள். துணிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் முடித்த ஜோடிகள்.

"காலைல கை வேகமா ஓடும். செஞ்சதெல்லாம் காட்டிட்டா நாளைலேருந்து அதுவே டார்கெட்டுன்னுடுவாங்க. கம்மியா காட்டினா திட்டு. அதனால அக்கா கொஞ்சத்த இங்க பதுக்கி வெச்சிக்கினு, மணிக்கு ரெண்டு ரெண்டா ஏத்தி வுடும்."

"நடுவுல ஏன் ஏறல? ரெண்டு தடவ ஐம்பத்தாறு இருக்கே?"

"இன்னாக்கா இவ்ளோ வெகுளியா இருக்கீங்க. ஏறிக்கினே இருந்தா சந்தேகம் வராதா? நடுவுல ஒரு எடத்துல நிக்கணும். நம்ம ஸ்டெல்லா அக்காவோட தெறமையே அதான்."

பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி அந்தப் பலகை இருந்தது. ஒன்பது, எட்டு, ஏழு, மறுபடி ஏழு, ஆறு, ஐந்து. மூன்றாவது படி, நான்காவது படி, அதே இடத்தில் தேக்கம். நான் அதற்கு மாமியார் காய்ச்சலைக் காரணமாக எழுதியிருந்தேன்.

மேனேஜர் பேனாவோடு உள்ளே வந்தார். பெல் அடிக்கப் போகிறது. ஸ்டெல்லா அந்த முனையிலிருந்து பலகையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். நான்கு அடி வந்திருப்பாள். ஐந்தாவது அடியில் முழங்கால் மடங்கியது. சோல் அழுத்துகிற மிஷினுக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தாள். யாரோ ஒரு பெண் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள், மிஷின் நின்றது. அவள் கை கிடந்த இடத்துக்கும் அந்த இரும்புத் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது.

அந்த நேரம் பார்த்து பெல் அடித்தது. மேனேஜர் பலகைப் பக்கம் திரும்பி, அந்த மணிக்கான எண்ணை எழுதிவிட்டு, அப்புறம்தான் ஓடிவந்தார். கை பழக்கத்தில் எழுதியது. அவரை நான் என்ன சொல்ல முடியும்? எட்டு வாரமாக நான் செய்ததும் அதுதான்.

கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வார்டில் ஒரு நர்ஸ் அம்மா, ஐம்பது வயதிருக்கும். ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டார்:

"எப்பம்மா கடைசியா ஒண்ணுக்குப் போனே?"

ஸ்டெல்லா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "காலைல அஞ்சு மணிக்கி."

அப்போது மணி மூன்றரை.

"தண்ணி?"

"காலைல காப்பி குடிச்சேன்."

"நேத்து?"

"அப்டிதாங்க."

"எத்தினி மாசமா இப்டி?"

"சூப்பர்வைசர் ஆனதுலேருந்து."

நர்ஸ் அம்மா டிரிப்ஸைச் சரி செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க அம்மாவா?"

"இல்லிங்க. கவுன்சிலர்."

"எவ்ளோ நாளா பாக்கறீங்க?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"தண்ணி குடிக்கறியாம்மான்னு ஒரு வார்த்த கேக்கலியா?"

கோபமாகக் கேட்கவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். சிறுநீரில் கிருமி முற்றி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிட்னியைத் தொட்டிருக்கும் என்று அப்புறம் டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து பூங்கொடி வந்தாள். ஒரு கையில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை; இன்னொரு கையில் ஸ்டெல்லாவின் பை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். கழுத்து வரை நிறைந்திருந்தது, மூடிகூடத் திறக்காதது.

அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் என் பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. 'காலைல ரொப்பினாப்புலயே சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுது.' பக்கத்தில் நட்சத்திரம். என் கையெழுத்து.

பிள்ளைகளே, அவள் சொல்லவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இரண்டாவது வாரமே சொல்லிவிட்டாள், என் காதிலும் விழுந்திருக்கிறது, அதை எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் பேச்சு அழகாக இருக்கிறதே என்று எழுதினேனே தவிர, ஒரு பெண் பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்று எழுதவில்லை. நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்த கோப்பில் அவள் சொன்ன எண்கள் இருந்தன. உண்மை இருந்த நோட்டை நான் மறுபடி திறக்கவே இல்லை.

இருட்டுவதற்குள் ஸ்டெல்லா நன்றாகக் கண் விழித்தாள். முதலில் கேட்டது: "அக்கா, மூணு மணிக்கி போர்டு எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க" என்றேன். பிறகு, "ஸ்டெல்லா, நீ என்கிட்ட சொன்ன நம்பரெல்லாம்..." என்று இழுத்தேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பூங்கொடி சொல்லிட்டாளா? அவ வாய்க்கி மொதல்ல ஒரு தையல் போடணும்."

"நான் பெட்டியதான காட்டினேன், உன்னையா காட்டினேன்?" என்று பூங்கொடி மல்லாட்டையை உரித்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

பிறகு ஸ்டெல்லா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்கள ஏமாத்தணும்னு இல்லக்கா. அவரு பேனாவ வெச்சிக்கினு எத்தினின்னு கேப்பாரு. நீங்களும் பேனாவ வெச்சிக்கினு எத்தினின்னு கேட்டீங்க. வாயில தானா வந்துடுச்சி. ரொம்ப ஜல்தியா எறக்கினா நம்ப மாட்டீங்க. எறக்கலன்னா கம்பெனிக்கி எழுதிடுவீங்க. அதான் ஒண்ணொண்ணா."

"சரி."

"அதுவும் இல்லாம, நம்பரு எறங்கினா உங்க மூஞ்சி அப்டியே மலரும். பாக்க நல்லாருக்கும். போர்டுல ஏத்தினா யாரு மூஞ்சியும் மலராது."

இந்த வாக்கியத்தை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை. எழுதாமலே இருக்கிறது.

தண்ணீர் விஷயம் அப்புறம் மெதுவாக வந்தது. ஒரு லைனுக்கு ஒரே ஒரு டோக்கன், மரத்துண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். டோக்கன் சூப்பர்வைசர் கையில் இருக்கும். நாற்பது பேருக்குக் கொடுத்து வாங்குவாள், அவள் மட்டும் போக மாட்டாள். போன நேரத்தில் யாராவது வந்து பெட்டி மேலிருக்கும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டால்? அவள் இல்லாதபோது பெல் அடித்துவிட்டால்? அதனால் தண்ணீரையே நிறுத்திவிட்டாள். அவளுடைய பயத்துக்கு அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. அதை வைத்துக்கொண்டுதான் எனக்கு மூன்று என்று சொன்னாள்.

மறுநாள் காலை ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். என்னை வெளியே அழைத்துப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், காலைல சாப்பிடாம வந்திருக்கு, மயக்கம். அவ்ளோதான். அடுத்த வாரம் வெளிநாட்டுலேருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. உங்க லெட்டரு ஃபைல்ல இருக்கு. நல்ல லெட்டரு. நீங்க புதுசா எதுவும் எழுத வேணாம்."

"எழுதினா?"

"எழுதினா தகுதி இல்லன்னு ஆயிடும். தகுதி இல்லாதவங்கள சூப்பர்வைசரா வெச்சிக்கினு இருக்க முடியாது இல்லிங்களா? அந்தப் பொண்ணு கழுத்துல இருக்கற அட்டைய நீங்களே கழட்டணுமா, யோசிச்சிக்கோங்க."

மிரட்டவில்லை அவர். நடக்கப்போவதைச் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

கடிதத்தைத் திரும்பப் பெற்றால் அவள் இத்தனை வருடம் ஏறி வந்த இடம் போகிறது. பெறாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி அந்த மிஷின் பக்கத்தில் நிற்பாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது டைப் அடித்த காலம் நினைவுக்கு வந்தது. தப்பாக அடித்துவிட்டால் நான் வெள்ளை மை தடவப் போவேன். டாக்டர் விடமாட்டார். "தடவாதே. தப்பு மேல கோடு போடு, பக்கத்துல சரியானத அடி, உன் கையெழுத்த போடு. தப்பு தெரியணும்" என்பார். அப்போது எனக்கு அவர் மேல் எரிச்சலாக வரும், பக்கம் அசிங்கமாகிறதே என்று.

ஆனால் இந்தப் பக்கம் என்னுடையது மட்டும் இல்லையே. வார்டுக்குத் திரும்பிப் போய், நான் கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். தன்னைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவள் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு மாதமாக அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

அதிகாரி சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். "நீ சொல்லு. உன் உடம்பு, உன் வேலை" என்றேன்.

டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்தபடியே சொன்னாள்: "அட்டை போச்சின்னா எங்க தெரு சிரிக்கும் அக்கா. லைனுக்குப் போனா நானே போயிடுவேன். நடுவுல ஏதாவது எழுத முடியுமா?"

அந்த நடுவில் இருப்பதைத்தான் அன்று மத்தியானம் முழுவதும் இருவரும் சேர்ந்து எழுதினோம். பேனா அவள் கையில் இருந்தது. நான் முன்பு கொடுத்த கடிதம் தவறு என்பது முதல் வரி. அது என் தவறு, அவளுடையது அல்ல என்பது இரண்டாவது வரி. பயம் குறையவில்லை. பயத்தால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி உடல் கெட்டிருக்கிறது. டாக்டர் சீட்டு இணைப்பு. அவளுக்கு வேலை செய்யத் தெரியும், வேலை செய்ய முடியும். பெல் நேரத்தில் துணையும், கேட்காமல் எழுந்து போக ஒரு தனி டோக்கனும் வேண்டும். அட்டைப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவள் என்னிடம் சொன்னது, கம்பெனியிடம் அல்ல. எழுதியதை அவளே வாசித்து, "இது நாந்தான்" என்றாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

விழுப்புரத்தில் எங்கள் பொறுப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னா மேடம், ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தோமே. பெரிய பேஜாரா ஆயிடும்" என்றார். அந்த ஜெராக்ஸ்களைத் திருப்பி வாங்க ஒவ்வொரு மையமாக நானே பஸ்ஸில் போனேன். திருவெண்ணெய்நல்லூர் வரை போனேன். ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லித்தான் வாங்கினேன். அது எனக்கு வேண்டியிருந்தது.

கம்பெனியிலிருந்து பன்னிரண்டு நாள் பதில் இல்லை. பதின்மூன்றாம் நாள் வந்தது. லைனுக்கு இரண்டாவது டோக்கன் கொடுத்தார்கள். ஸ்டெல்லாவை சாம்பிள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பெல் இல்லை, பலகை இல்லை. ஆனால் சூப்பர்வைசர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை வெறுங்கழுத்தோடு என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். ஜெயித்தோம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அன்று நானும் சேர்ந்து அழுதேன் என்பதைக்கூடக் கோப்பில் எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு பேனாவை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பேசி முடித்த பிறகுதான் எடுப்பது. எழுதும்போது கோப்பு அவள் பக்கம் திரும்பி இருக்கும். அவள் சொன்ன வார்த்தையை முதலில் எழுதுவோம். அன்று என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பது அடுத்து. எண் கடைசியில், அவளுக்குத் தோன்றினால். பச்சை நோட்டு அன்றோடு நின்றது. இப்போதும் ஜனங்கள் பேச்சு எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் கோப்பில்தான் எழுதுகிறேன்.

அதன் பிறகு போட்ட கோடு எப்படிப் போனது தெரியுமா? ஒன்பது, ஒன்பது, ஏழு. ஒரு வாரம் காலி. அப்புறம் ஒன்பது, ஐந்து, எட்டு. பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "இது இன்னா மேடம், கோழி கிளறினாப்ல" என்றார். அந்தத் தாளையும் பீரோவில் வைத்திருக்கிறேன், மற்றதற்கு மேலே.

நல்ல மாதிரி கேட்டீர்கள். அந்த எட்டு எழுதிய சனிக்கிழமையின் குறிப்பைத் தருகிறேன்.

அன்று நல்ல வெயில். ஸ்டெல்லா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். பழைய லைனிலிருந்து ஒருத்தி ஏதோ குத்திப் பேசிவிட்டாளாம். பாட்டிலை மேசையில் வைத்தாள். கால்வாசிதான் இருந்தது.

"நம்பரு ஏறிப்போச்சி அக்கா. எட்டு. திட்டுவீங்களா?"

"நீயே எழுது" என்று டிராயரிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன். எட்டு என்று பெரிதாக எழுதினாள். மிச்சத் தண்ணீரையும் மடமடவென்று குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

இத்தனை சனிக்கிழமைகள் மணிக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள். கையால் வழியைக் காட்டினேன். அவள் திரும்பி வருவதற்குள் குறிப்பை எழுதி, வந்ததும் அவளிடம் காட்டினேன். ஒரே வரி. வாசித்துவிட்டு, "சீ, இதெல்லாமா எழுதுவாங்க" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதை அடித்துவிடச் சொல்லவில்லை.

அந்த வரி இதுதான்: 'எட்டு. இன்று பாத்ரூம் எங்கே என்று கேட்டாள், போய் வந்தாள்.'